கல்லைப் படிப்பதா, கைடைப் படிப்பதா?

மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூரைத் தாண்டிப் போகும் டிப்பர் லாரிகளில் பாதி ஜல்லி, மீதி எம்-சாண்ட். வீடு கட்டுகிறவருக்கு அது யூனிட் என்ன விலை என்பதுதான் கேள்வி. கொத்தனாருக்கு அதில் தூசி எவ்வளவு என்பது கேள்வி. ஜியாலஜி படிக்கும் மாணவருக்கு மட்டும் இன்னொரு கேள்வி இருக்க வேண்டும்: இந்தக் கல் எப்படி உண்டானது? ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே பாடப்புத்தகம் ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறது. பிரச்சினையே அதுதான்.

(ஆரம்பத்திலேயே ஒரு விளக்கம். பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் ஆறு, மலை குறித்த புவியியல் வேறு, ஜியாலஜி வேறு. ஜியாலஜியில் பாறைகளைப் பற்றிய பிரிவுக்குப் பெட்ராலஜி என்று பெயர், தமிழில் பாறையியல். பெட்ரோல் பங்குக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம்தான். கிரேக்க மொழியில் 'பெட்ரா' என்றால் பாறை.)

கல்லூரியில் பெட்ராலஜி நடத்தப்படும் விதம் எல்லோருக்கும் தெரிந்த விதம்தான். பாறையின் பெயர், அதிலுள்ள கனிமங்கள், நிறம், எங்கே கிடைக்கும், என்ன பயன். ஐந்து தலைப்பு, ஐந்து மார்க். சார்னோக்கைட் என்று கேட்டால் "ஹைப்பர்ஸ்தீன் உள்ள கிரானைட்" என்று எழுத வேண்டும். எழுதினால் மார்க் விழும். இந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் நம்மூர்க் கற்களை வைத்தே நடக்கிறது என்பது பரீட்சை எழுதுகிறவருக்குத் தெரியாமலே போகிறது. அந்தச் சண்டையைப் போட்டவர்கள் எழுதிய மூலக் கட்டுரைகளை வகுப்பிலேயே, பி.எஸ்சி. படிக்கும்போதே வாசிக்க வைக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

சார்னோக்கைட் கதையையே எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேலே பதித்த கல் கல்கத்தாவுக்கு உரியது அல்ல. வண்டல் மண் மேல் உட்கார்ந்திருக்கும் ஊரில் அப்படி ஒரு கருங்கல்லுக்கு எங்கே போவது? சென்னையில் பரங்கிமலை - பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல் அது. ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து 1893-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். இரண்டு மூன்று பக்கம்தான். இந்தப் பாறையின் முதல் மாதிரியைத் தன்னை அறியாமலே தலைநகருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பதால் சார்னோக்கின் பெயரையே பாறைக்கு வைக்கலாம் என்று அதில் சொன்னார். செத்துப்போய் இருநூறு வருடம் ஆனவரைக் கல் கொண்டுவந்தவராக்கிய குசும்பு ஹாலண்டுடையது. பாடப்புத்தகத்தில் இந்தக் குசும்பு இருக்காது, பெயர் மட்டும் இருக்கும்.

1900-ல் அதே ஹாலண்ட் சர்வேயின் நினைவேட்டு வரிசையில் நூறு பக்கத்துக்கு மேல் விரிவாக எழுதினார். பல்லாவரம், சேர்வராயன் மலை, நீலகிரி என்று தென்னிந்தியாவின் கருநீலப் பாறைகளையெல்லாம் சேர்த்து ஒரே குடும்பம் என்றார். சிலிக்கா அதிகமுள்ளதிலிருந்து மிகக் குறைந்தது வரை நான்கு வகை. எல்லாம் ஒரே மூலக்குழம்பிலிருந்து உறைந்தவை, அதாவது அக்கினிப் பாறைகள், என்பது அவர் முடிவு. கூடவே ஒரு எச்சரிக்கையும் விட்டிருந்தார்: இது தென்னிந்தியாவின் இந்தக் குடும்பத்துக்கான பெயர், உலகத்தில் எங்கே ஹைப்பர்ஸ்தீன் கிரானைட் கிடைத்தாலும் அதற்கெல்லாம் வைப்பதற்கான பெயர் அல்ல. பாடப்புத்தகங்கள் செய்தது என்ன? பெயர் வைத்தவர் எதைச் செய்யாதீர்கள் என்றாரோ, அதையே டெஃபனிஷன் ஆக்கிவிட்டன!

கதை அதோடு முடியவில்லை. ஆர்.ஏ. ஹோவி என்பவர் 1955-ல் இதே பாறைகளின் வேதியியலைத் தாது தாதுவாக அளந்து எழுதினார். 1959-ல் ஏ.பி. சுப்ரமணியம் ஹாலண்டின் சொந்த இடமான பல்லாவரத்துக்கே போய் மறுபடி படம் வரைந்து, அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸில் மறுவிளக்கம் வெளியிட்டார். ஹாலண்ட் ஒரே குடும்பம் என்று சேர்த்துவைத்தவை ஒரே குடும்பம் அல்ல, சிலிக்கா குறைந்த கரும்பாறைகளுக்கும் மற்றதற்கும் பிறப்பு வேறு என்றார். குடும்ப அட்டையிலிருந்து பாதிப் பேரை நீக்கிய மாதிரி.

அடுத்த வருடமே, 1960-ல், சி.எஸ். பிச்சமுத்து நேச்சர் இதழில் ஒரு குட்டிக் கட்டுரை போட்டார். 'உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட்' என்கிற பொருளில் தலைப்பு. கர்நாடகத்தில் கனகபுரா பக்கம் கப்பாளதுர்கா என்ற இடத்தில் ஒரு கல்குவாரி. அங்கே வெட்டிய முகத்தில் சாம்பல் நிற நைஸ் பாறை வரி வரியாகத் தெரிகிறது. (பெயர்தான் நைஸ், தொட்டால் சொரசொரப்பு.) அதன் நடுவே அங்கங்கே கரும்பச்சைத் திட்டுகள். அந்தத் திட்டுகள்தான் சார்னோக்கைட். நைஸின் வரிகள் திட்டுக்குள் நுழையும்போது மங்கிக் கரைந்துபோகின்றன. கத்தியால் வெட்டிய மாதிரி எல்லை எதுவும் இல்லை. வெளியிலிருந்து குழம்பாக வந்து புகுந்ததென்றால் இப்படி இருக்காது. அப்படியானால் நைஸே அதே இடத்தில் சார்னோக்கைட்டாக மாறியிருக்கிறது. பாதி மாறியபோது நின்றும் போயிருக்கிறது.

ஏன் மாறியது? 1979-ல் மைசூர் ஜனார்த்தன், அமெரிக்காவின் நியூட்டன், ஸ்மித் மூவரும் நேச்சரில் ஒரு விடை சொன்னார்கள். பூமிக்கு அடியிலிருந்து கரியமில வாயு நிறைந்த திரவம் மேலே ஏறி, பாறைக்குள் இருந்த நீரை நீர்க்கச் செய்து விரட்டிவிட்டது. நீர் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத கனிமங்களான பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் உடைந்து ஹைப்பர்ஸ்தீனாக மாறின. இதற்கும் எதிர்ப்பு வந்தது. கரியமில வாயு எதற்கு, பாறை கொஞ்சம் உருகி அந்த உருகல் நீரை எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் இதேதான் நடக்கும் என்றார்கள் வேறு சிலர். 1998-ல் நியூட்டனும் அவர் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில் அடர்ந்த உப்புநீருக்கும் இதில் பங்கு உண்டு என்று வாதம் இன்னொரு பக்கம் திரும்பியது. தன்னுடைய விடையையே தொடர்ந்து நோண்டிக்கொண்டிருக்கும் மனிதரை எந்த கைடிலாவது பார்க்க முடியுமா?

கப்பாளதுர்காவில் நடந்ததால் பல்லாவரத்திலும் நீலகிரியிலும் அதேதான் நடந்தது என்று ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். துடியலூரிலிருந்து வடக்கே பார்த்தால் வானத்தை மறைத்து நிற்கும் நீலகிரி கிட்டத்தட்ட முழுக்கவே சார்னோக்கைட் வகைப் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. உள்ளங்கை அளவு திட்டுகளுக்குப் பொருந்தும் விளக்கம் ஒரு மலைத்தொடர் முழுவதற்கும் பொருந்துமா? இது நல்ல கேள்வி. ஒரு வரி டெஃபனிஷனிலிருந்து இந்தக் கேள்வி பிறக்கவே பிறக்காது. இரண்டு கட்டுரைகளை அருகருகே வைத்தால் பத்து நிமிடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

காமர்ஸ் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால் மோஹோரி பீபி வழக்கு மாதிரி. பி.காம்.-ல் பிசினஸ் லா படித்த அத்தனை பேருக்கும் அது தெரியும். 1903, பிரிவி கவுன்சில், மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. அவ்வளவுதான் தெரியும். வீட்டை அடமானம் வைத்து 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிய அந்த மைனர், அவர் மைனர் என்று கடன் கொடுத்தவரின் வக்கீலுக்கு முன்கூட்டியே தகவல் போயிருந்தது, அதனால் 'ஏமாற்றிவிட்டான்' என்ற வாதம் எடுபடாமல் போனது... இதெல்லாம் தீர்ப்பைப் படித்தால்தான் தெரியும். தீர்ப்பைப் படித்தவருக்கு அந்த விதி மறக்காது. அதைவிட, வேறு ஒரு வழக்கு வரும்போது அந்த விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது தெரியும். கணக்குப் பதிவியலிலும் இதே கதைதான். 'ஏ லிமிடெட்', 'பி லிமிடெட்' கணக்குகளையே மூன்று வருடம் போட்டுவிட்டு ஒரு நிஜக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்தால் அடிக்குறிப்பு எது, தலை எது என்று புரிவதில்லை.

சார்னோக்கைட்டாவது உலகப் புகழ் பெற்றது, பரங்கிமலைப் பாறையை தேசிய நிலவியல் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். கொங்குநாட்டுக்கே உரிய கட்டுரை ஒன்று இருக்கிறது, அதை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 1901-ல் ஹாலண்ட் எழுதியது. தலைப்பிலேயே 'கோயமுத்தூர் மாவட்டம்' என்று இருக்கும். சிவன்மலைப் பாறைகளைப் பற்றியது. ஆமாம், காங்கேயம் பக்கத்தில் பக்தர் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் வைத்துப் பூஜிக்கும் அதே முருகன் கோயில் மலைதான். (மாவட்டம் பிரிந்து இப்போது திருப்பூர்க் கணக்கில் இருக்கிறது. பாறைக்கு அந்த விவரம் தெரியாது.)

சிவன்மலையில் கிடைப்பது சயனைட் வகைப் பாறை. விஷம் இல்லை, பயப்பட வேண்டாம், உச்சரிப்பு மட்டும்தான் அப்படி. குழப்பம் வராமல் இருக்க 'சியனைட்' என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண கிரானைட்டில் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், தாராளமாக இருக்கும். சிவன்மலைப் பாறையின் ஒரு பகுதியில் அதற்குப் பதில் நெப்பலின் என்ற கனிமம் இருக்கிறது. இன்னொரு பகுதியில் குருந்தம். சிலிக்கா போதாமல் பட்டினி கிடந்த குழம்பில்தான் நெப்பலின் உருவாகும். அதனால் நெப்பலினும் குவார்ட்ஸும் ஒரே பாறையில் சேர்ந்து பிறப்பதில்லை. பெட்ராலஜியின் அடிப்படைப் பாடங்களில் இது ஒன்று. இந்தப் பாடத்துக்கு உதாரணமாகக் கனடாவையும் நார்வேயையும் மனப்பாடம் செய்கிற மாணவர், சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த உதாரணத்தின் மேலேயே போய் உட்காரலாம்! போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் பெயரான 'கொரண்டம்' நம்முடைய குருந்தத்திலிருந்து போனது என்று அகராதிகளே சொல்கின்றன.

அந்தப் பாறையில் கிராஃபைட் இருப்பதையும் ஹாலண்ட் குறித்திருக்கிறார். பென்சில் முனையில் இருக்கும் அதே சமாச்சாரம். நெருப்புக் குழம்பிலிருந்து உறைந்த பாறையில் கரி எப்படி வந்தது என்று அன்றைக்கே அவர் மண்டையைக் குடைந்துகொண்டார். 1901-ல் அவரிடம் பாறையின் வயதைக் கணக்கிடும் வழி கிடையாது. யுரேனியத்தையும் ஈயத்தையும் வைத்து வயது பார்க்கும் யோசனையே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. ஒரு நூற்றாண்டு தாண்டி, 2006-ல் கோண்ட்வானா ரிசர்ச் இதழில் வந்த கட்டுரை சிவன்மலைக்கு ஏறக்குறைய 60 கோடி ஆண்டு வயது என்கிறது. நீலகிரியோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. 1901, 2006 இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கக் கொடுத்தால் கருவி மாறும்போது கேள்வி எப்படி மாறுகிறது என்பதை எந்த ஆசிரியரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இனி எதிர்வாதங்கள். "பி.எஸ்சி. பசங்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையா? இங்கிலீஷே தகராறு" என்பது முதலாவது. இது உண்மையான கஷ்டம், தட்டிக்கழிக்கக் கூடாது. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருகிறவர் முதல் பக்கத்திலேயே பதினைந்து வார்த்தைக்கு அகராதி தேட வேண்டியிருக்கும். ஆனால் கட்டுரை முழுவதையும் யார் படிக்கச் சொன்னது? பிச்சமுத்து எழுதியது இரண்டே பக்கம். ஹாலண்டின் சிவன்மலைக் கட்டுரையில் நான்கு பக்கம், ஒரு அட்டவணை போதும். ஆசிரியர் ஒரு பக்கத்தில் சொற்பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். அது எப்படியும் தேவை, ஏனென்றால் பெயர்களே மாறிவிட்டன. ஹாலண்ட் 'எலியோலைட்' என்று எழுதியதுதான் இன்றைய நெப்பலின். இன்னும் வேடிக்கை, ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையே 1988-ல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது ஆர்த்தோபைராக்சீன் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். நீக்கப்பட்ட பெயரை வைத்து இன்றும் டெஃபனிஷன் மனப்பாடம் நடக்கிறது. வகுப்பு விவாதம் தமிழிலேயே நடக்கட்டும். பாறையைப் பற்றித் தமிழில் சண்டை போடத் தெரிந்தவர் பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்.

இரண்டாவது, கட்டுரைகள் கிடைக்காது, காசு கேட்பார்கள் என்பது. ஒரு காலத்தில் இது சரியான வாதம். பழைய சர்வே நினைவேடுகள் பல இப்போது இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே இருக்கின்றன. புதிய இதழ்களுக்கு மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். முதல் கட்டத்தில் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை என்பது பெரிய குறைதான். ஆனால் அரசுக் கல்லூரியில் படிக்கிறவருக்குக் கதவு திறந்துவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் திறந்த கதவு வழியாக யாருமே உள்ளே போகாவிட்டால் அது வாராக்கடன் மாதிரி ஏட்டில் மட்டும் சொத்தாக இருக்கும்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கொஞ்சம் கனமானது. அடிப்படையே தெரியாமல் சண்டையைக் காட்டினால் மாணவர் குழம்பிப்போவார், 'எல்லாமே ஒரு கருத்துதான்' என்ற முடிவுக்கு வந்துவிடுவார் என்கிறார்கள். நடக்கலாம். அதனால்தான் எந்தக் கட்டுரையை, எந்த வரிசையில், எந்தக் கேள்வியோடு கொடுப்பது என்பதில் ஆசிரியரின் வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நியூயார்க் சிட்டி காலேஜில் சாலி ஹாஸ்கின்ஸ் உயிரியலுக்கு இப்படி ஒரு முறையை உருவாக்கி 2007-ல் அதன் விளைவுகளை வெளியிட்டார். ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து தொடர்ச்சியாக வந்த கட்டுரைகளை வரிசையாகக் கொடுப்பது, மாணவரையே படங்களையும் அட்டவணைகளையும் அலச வைப்பது, அடுத்த சோதனை என்னவாக இருக்கும் என்று யோசிக்க வைப்பது, பிறகுதான் அடுத்த கட்டுரையைக் காட்டுவது. ஹாலண்ட் - சுப்ரமணியம் - பிச்சமுத்து - ஜனார்த்தன் வரிசை இதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் பார்த்தே வளர்ந்த ஊருக்கு இது கஷ்டமா என்ன? ஹாலண்ட் அணி, சுப்ரமணியம் அணி. ஒரே வித்தியாசம், நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது :-)

ஒன்று மட்டும் கவனம். கல்லைத் தொடாமல் கட்டுரையை மட்டும் கொடுத்தால் அதுவும் இன்னொரு கைடாகிவிடும். 'பிச்சமுத்துவின் முடிவுகள் யாவை, ஐந்து மார்க்' என்று கேள்வித்தாளில் வந்துவிட்டால் எல்லாம் பாழ். வினாவை மாற்ற வேண்டும். குவாரி முகம் ஒன்றின் படத்தைக் கொடுத்து, இது எந்த விளக்கத்துக்குச் சாதகம், ஏன் என்று கேட்கலாம்.

இதெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: இந்த மாணவர்கள்தான் நாளைக்குக் குவாரி குத்தகைக்கு அறிக்கை எழுதப்போகிறவர்கள், ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத தோட்டத்தில் எங்கே விரிசல் ஓடுகிறது என்று சொல்லப்போகிறவர்கள். கறுப்பாக இருப்பதையெல்லாம் 'சார்னோக்கைட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கம் ஐந்து மார்க் விடையில்தான் ஆரம்பிக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. கப்பாளதுர்காவின் சாட்சியை வெளியே கொண்டுவந்தது ஒரு கல்குவாரி. ஜல்லிக்காக உடைத்ததால்தான் பிச்சமுத்துவுக்கு அந்தப் புது முகம் தெரிந்தது. அதே குவாரி வேலை அந்த முகத்தை ஜல்லியாக்கி முடித்துவிடவும் முடியும். கொங்குநாட்டில் எத்தனையோ குவாரி முகங்கள் திறந்து கிடக்கின்றன. அதில் எது வெறும் கல், எது சாட்சி என்று சொல்வதற்கு அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர், உடைவதற்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இதற்கு நல்ல உதாரணம். அங்குள்ள அனார்த்தோசைட் பாறையைப் பற்றி மேலே சொன்ன அதே சுப்ரமணியம் 1956-லேயே அமெரிக்க நிலவியல் சங்க இதழில் விரிவாக எழுதிவைத்திருந்தார். நிலாவின் மேட்டுப்பகுதியும் அதே வகைப் பாறைதான் என்று அப்பல்லோ 11 மண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தது அதற்கெல்லாம் பிற்பாடு. பிறகு சந்திரயானுக்காகச் செயற்கை நிலா மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ தேடி வந்தது இந்தப் பாறையைத்தான். 1956-ல் யாருக்கும் நிலா மனசில் இல்லை. கல்லை ஒழுங்காகப் பார்த்து எழுதியது மட்டும்தான் நடந்தது.

எந்தத் துறைத்தலைவராவது இந்த செமஸ்டரிலேயே முயற்சி செய்ய நினைத்தால் சிவன்மலையிலிருந்து தொடங்குவது சுலபம். 1901 கட்டுரையில் நான்கு பக்கம் ஜெராக்ஸ், ஆளுக்கு ஒரு கைலென்ஸ். கோயில் மலை என்பதால் சுத்தியல் வேண்டாம், அடிவாரத்தில் உதிர்ந்து கிடப்பதே போதும். கிருத்திகை, தைப்பூசம் இல்லாத ஒரு வார நாளாகப் பார்த்துப் போவது நல்லது. கூட்டத்தில் நாற்பது பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பர்ஸைத் தொலைத்தவர்கள் என்று நினைத்து எல்லோரும் சேர்ந்து தேட ஆரம்பித்துவிடுவார்கள்.